ஒன்றுமில்லை, சாப்

இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. பஸ் ஏறும்போது நினைத்ததையே தேசிங்கு இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது, அவளே பேசட்டும், வியாதி அவளுடையது, நெஞ்சு அவளுடையது, வாங்குகிற மூச்சும் அவளுடையது, நடுவில் நமக்கு என்ன வேலை. பக்கத்தில் பூஷணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் படி ஏறியதற்கே அவளுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. அது வெளியே தெரியக் கூடாது என்று வாயை இறுக மூடி மூக்கால் இழுத்தாள். அவள் மூடினால் ஆயிற்றா, பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்காதா. பட்டாளத்தில் காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன், மலை ஏறும்போது இன்ஜின் எங்கே திணறுகிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்வார், சொந்தப் பெண்டாட்டியின் மூச்சு திணறுவது மட்டும் தெரியாமல் போயிற்று. தெரியாமல் என்ன தெரியாமல். தெரிந்துதான் இருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தடவை என்றால் போகட்டும், இரண்டு தடவை.

முன்னாள் ராணுவத்தினருக்கான இந்த பாலிகிளினிக்கில் மாத்திரை உண்டு, ஊசி உண்டு, பிரஷர் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற மெஷின் இல்லை, இருதய டாக்டரும் இல்லை. அதற்கு டவுனில் இருக்கிற பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். போகலாம், உரிமை இருக்கிறது, இரண்டு பேர் பெயரிலும் கார்டு இருக்கிறது. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற டாக்டர் பார்த்து, இந்த அம்மாவுக்கு வெளியே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ரெஃபரல் எழுதிக் கொடுத்தால்தான் கார்டுக்கு மரியாதை. உயிர் போகிற அவசரம் என்றால் நேரே போகலாமாம். அந்த அவசரம் வருகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா. டாக்டர் எழுத வேண்டுமென்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், தெரிய வேண்டுமென்றால் யாராவது சொல்ல வேண்டும். முதல் தடவை வந்தபோது டாக்டரம்மா, சின்னப் பெண், கண்ணாடி போட்டவர், பூஷணத்தைப் பார்த்துத்தான் என்ன செய்கிறது என்று கேட்டார். பூஷணம் வாயெடுப்பதற்குள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த தேசிங்குவின் குதிகால்கள் தானாக ஒட்டிக்கொண்டன, முதுகு தானாக நிமிர்ந்தது, கொஞ்சம் கேஸ் தொந்தரவு சாப், மற்றபடி டீக் ஹை, எல்லாம் சரி என்று வாய் சொல்லிவிட்டது. பெண்ணைப் பார்த்து சாப் என்கிறாரே என்று அந்தம்மா சிரித்துவிட்டார். கேஸ் மாத்திரை எழுதினார். மறுபடி வந்தபோது மாத்திரை கேட்டதா என்று விசாரித்தார். ஃபர்ஸ்ட் கிளாஸ், சாப். அதே மாத்திரை இன்னும் ஒரு மாதத்துக்கு வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் பூஷணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கிருந்து வந்தது இந்த வாய். தேசிங்குவுக்குத் தெரியும், நேற்றா வந்தது, மீசை சரியாக முளைப்பதற்கு முன்னால் வந்தது. டிரெய்னிங்கில் காலில் கொப்புளம் வெடித்து பூட்ஸுக்குள் ரத்தம் ஊறிக்கிடந்தபோது பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் எதிரே வந்து நின்று என்னடா என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னவன் அன்றைக்கு மனுஷன், வலிக்கிறது என்று சொன்னவனுக்கு மாலை வரைக்கும் ஓட்டம். அப்புறம் பனிமலைகளில் வண்டி ஓட்டிய காலம். டிரைவருக்குக் கண், காது, பிரஷர் என்று ஏதாவது ஒன்று குறைந்தால் மெடிக்கல் கேட்டகரி இறங்கும், கேட்டகரி இறங்கினால் ஸ்டியரிங் போச்சு, பிரமோஷன் போச்சு, குடோனில் உட்கார்ந்து மூட்டை எண்ண வேண்டியதுதான். அதனால் வருஷாந்திர மெடிக்கல் வந்தால் பாரக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். முந்தின நாளே உப்பை நிறுத்துவார்கள், மோரைக் குடித்துவிட்டு மல்லாந்து படுப்பார்கள், ஒருத்தன் வரிசையில் நின்றுகொண்டே சாமி பேரைச் சொல்லி நாடியை இறக்கப் பார்ப்பான். டாக்டர் தலைவலி உண்டா என்றால் இல்லை சாப், மயக்கம் உண்டா என்றால் இல்லை சாப். இடது காது அப்போதே பாதி போய்விட்டது, டாக்டர் உதட்டைப் பார்த்தே தேசிங்கு பதில் சொன்னார். ஹவில்தார் பட்டை அப்படி வந்ததுதான். தோளில் ஏறிய பட்டையை ஒரு நாள் கழற்றிக் கொடுத்தாயிற்று, வாயில் ஏறியதைக் கழற்றத் தெரியவில்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் பேனா, அவ்வளவுதான் வேண்டும், உள்ளே இருக்கிற ரெக்ரூட் எழுந்து விறைத்து நின்றுவிடுவான். தனக்குச் சொல்லிக்கொண்டால் தொலைகிறது என்று விடலாம், அவளுக்கும் சேர்த்தல்லவா சொல்கிறான் அந்தப் பயல்.

ஓசூரில் வாத்தியாராக இருக்கிற மகள் ஹேமலதா போன வாரம் போனில் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் அவளே கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். ரெஃபரல் வாங்காமல் வந்தால் உன்னோடு பேச மாட்டேன், நீ உள்ளே போனால் கெடுத்துவிடுவாய், பேசாமல் வாயில் வெற்றிலையைப் போட்டு அடக்கிக்கொள் என்றாள். விளையாட்டாக ஆரம்பித்தவள் பாதியில் குரல் உடைந்து, அம்மா பேச்சே வரவர சின்னதாகிக்கொண்டே போகிறது அப்பா, ஒரு வரி பேசிவிட்டு நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள், உனக்குக் காதில் விழவில்லையா என்று கேட்டாள். விழுகிறதும்மா. ஒரு காதில்தான் விழுகிறது, ஆனாலும் விழுகிறது. விடிகாலையில் பார்த்தால் படுக்கை காலியாக இருக்கும். எழுந்து போனால் பூஷணம் சமையற்கட்டில் அரிசி டிரம்மில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். ஏன் இங்கே என்றால் உள்ளே புழுக்கம் என்பாள். மார்கழியில் என்ன புழுக்கம். குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கி வருகிறவள் வழியில் அதை இறக்கி வைத்துவிட்டு யாரோடோ பேச நிற்பதுபோல நிற்பாள், பார்த்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு நாள் தேசிங்கு போய்க் குடத்தை வாங்கப் போனார். தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள், போங்க என்று விரட்டினாள். வந்துவிட்டார். விரட்டினால் வந்துவிடுவதா, ஆண்பிள்ளை, குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. ஒரு காலையில் அரிசி டிரம்மில் சாய்ந்திருக்கிறவளை எழுப்பப் போய் அவள் எழுந்திருக்காவிட்டால். அந்த நினைப்பு வந்ததும் தேசிங்கு சட்டென்று பக்கத்தில் பார்த்தார். பூஷணம் இருந்தாள். கொசுப் படத்தை விட்டுவிட்டு இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் மட்டும் லேசுப்பட்டவளா, அதுவும் தேசிங்குவுக்கு நினைவு வந்தது, வரக் கூடாத நேரத்தில் வந்தது. ஹேமாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். தேசிங்கு அவனைப் பார்த்ததில்லை. மலை மேலே பாதை மூடிக் கிடந்தது, லீவு தள்ளிக்கொண்டே போயிற்று. கீழே இறங்கின ஒரு நாள் டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று ஊரில் மளிகைக் கடை நம்பருக்குப் போட்டார். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூட்டிவரும்வரை மீட்டர் ஓடியது. பூஷணம் வந்தாள். எப்படி இருக்கீங்க என்றாள். நல்லா இருக்கேன், நீங்கள்லாம் என்றார். நல்லா கீறோம் என்றாள். பையன்? அவனும் நல்லா கீறான். பின்னால் வரிசையில் நின்றவன் முதுகைத் தட்டினான், வைத்துவிட்டார். லீவில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் மட்டும் நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளை இல்லை. ஜுரம் வந்து போய்விட்டானாம், அந்த போன் வருவதற்கு முன்னாலேயே. அங்கே அவ்வளவு தூரத்தில், பள்ளத்தாக்கு ஓரமாக வண்டி ஓட்டுகிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது என்றாள். மாமியார் வீட்டில் ஒருத்தியாகக் கிடந்து எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறாள். அப்போது தேசிங்கு அவளைக் கோபிக்கவில்லை, பெருமைப்பட்டார், அதை இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. பட்டாளத்தான் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாரக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மடையன்.

பெஞ்சின் மறுகோடியில் இருந்த முனிரத்தினம் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டார். பட்டாளத்தில் நாயக்காக இருந்து வந்தவர், யாரைக் கண்டாலும் முழங்காலைக் காட்டாமல் விடமாட்டார். இப்போதும் வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினார். வெளி ஆஸ்பத்திரியில் வைத்த மூட்டு, ஏசி ரூம், வேளா வேளைக்கு இட்லி, கையிலிருந்து காலணா செலவில்லை. எப்படிக் கிடைத்தது என்று தேசிங்கு கேட்டார். கேட்டது தப்பாயிற்று. முனிரத்தினம் டாக்டரம்மா முன்னால் எப்படி உட்கார முடியாமல் உட்கார்ந்தார், எழுந்திருக்கும்போது எப்படி ஐயோ அம்மா என்றார், கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியாமல் கதவைத் தட்டியதை எப்படி வெட்கம் பார்க்காமல் சொன்னார் என்று நடித்தே காட்டினார். பூஷணம்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் மூச்சு சிக்கி, கொஞ்ச நேரம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். முனிரத்தினம் நடிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என்னய்யா இது, இதைச் சொல்லியாச்சா உள்ளே என்று தணிந்த குரலில் கேட்டார். இன்னிக்கு சொல்லணும் என்றார் தேசிங்கு. சொல்லணும் என்கிற வார்த்தை நாக்கில் பட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. யார் சொல்வது. உள்ளே போனால் அந்த ரெக்ரூட் பயல் எழுந்துவிடுவான். இப்போதே பாதங்கள் ஒன்றை ஒன்று தேடுகின்றன. வெற்றிலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உள்ளேயே போகாமல் இருந்தால் என்ன. ஆமாம், அதுதான் சரி. இத்தனை நேரம் இது ஏன் தோன்றவில்லை. அவள் மட்டும் போகட்டும். பெண்ணும் பெண்ணும் பேசிக்கொள்வார்கள், அரிசி டிரம்மைச் சொல்வாள், குடத்தைச் சொல்வாள், எழுதித்தான் ஆக வேண்டும். இத்தனை வயசுக்கு மேல் ஒரு நல்ல யோசனை வந்துவிட்டது என்று தேசிங்குவுக்குத் தன் மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்தது.

நர்ஸிங் உதவியாளர் கதவைத் திறந்து நாகபூஷணம் என்று முழுப் பெயரைக் கூப்பிட்டார். பூஷணம் எழுந்தாள். தேசிங்கு எழவில்லை. நீ போய்ட்டு வா, எல்லாத்தையும் சொல்லு, நான் இங்கியே கீறேன் என்றார். அவள் ஒரு நிமிஷம் நின்று அவரைப் பார்த்தாள். ஏன் வரவில்லை என்கிற பார்வையா, வராவிட்டால் நல்லது என்கிற பார்வையா, அவருக்குப் பிடிபடவில்லை. கைப்பையை அவரிடம் கொடுக்கப் போனவள் மறுபடி தோளிலேயே மாட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. நல்ல காது பக்கமாகத்தான் கதவு இருந்தது, ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இப்போது அந்தம்மா கேட்டிருப்பார். இப்போது இவள் ஆரம்பித்திருப்பாள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், அப்படித்தானே, பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வந்த வியாதியை அரை மணி நேரம் சொல்கிறவள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருப்பார். அப்புறம் அந்த ஸ்கேன். ஸ்கேனில் என்ன வருமோ. அறுக்க வேண்டும் என்பார்களோ. அறுத்தால் தாங்குவாளா, அறுக்காவிட்டால் தாங்குவாளா. ஆஸ்பத்திரியில் யார் கூட இருப்பது, நான்தான் இருப்பேன், வேறு யார், கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டு நான் இருப்பேன். இவளோடு சேர்ந்தாற்போல இருந்ததெல்லாம் ரிட்டையர் ஆன பிறகுதானே. கல்யாணம் ஆகி முதல் வருஷங்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு மழைக்காலம் தேறாது. வந்து சேர்ந்தபோது அவளுக்கு உப்பு எவ்வளவு போட்டால் பிடிக்கும் என்பதுகூடத் தெரியாமல் வந்தேன். இப்போதுதான் ஒருத்தர் ஒருத்தருக்குப் பழகி வருகிறோம், இப்போது போய். போகக் கூடாது. பூஷணம் போகக் கூடாது. தேசிங்கு இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும், முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்தது. அதற்குள்ளாகவா. பூஷணம் ஒரு சீட்டை மடித்துக்கொண்டே வந்தாள். ரெஃபரல் என்றால் வலது பக்கம் போய் சீல் வாங்க வேண்டும். அவள் இடது பக்கம், மருந்து கொடுக்கிற ஜன்னலைப் பார்த்து நடந்தாள். தேசிங்கு எழுந்து குறுக்கே போய் நின்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அதே மாத்திரைதான் என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். பூஷணம் சீட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"நல்லாத்தான் கீறேன்னு சொல்ட்டேன்."

"ஏன் பூஷணம்?"

"இன்னா பண்ணுதுன்னு கேட்டாங்க. அதான் வாயில வந்துது." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள், நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டாள். "நீங்க கூட வரல. தனியா இருந்தா எனக்கு அப்பிடித்தான் சொல்ல வரும்."

தேசிங்கு அவள் கையைப் பிடித்தார், இத்தனை பேர் பார்க்கப் பிடித்தது அதுதான் முதல் தடவை, அவள் விடுவித்துக்கொள்ளப் பார்த்தும் விடவில்லை. உதவியாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், முனிரத்தினம் பெயர்தான். முனிரத்தினம் எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். தேசிங்கு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மேஜை, ஸ்டெதாஸ்கோப், பேனா. குதிகால்கள் ஒட்டிக்கொண்டன, முதுகு விறைக்க ஆரம்பித்தது, நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்தேவிட்டது. அவர் நோயாளிக்குப் போட்டிருந்த நாற்காலியில் பூஷணத்தை உட்கார வைத்து, சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, யாரும் சொல்லாமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகு விறைக்க முடியாது.

"இவ நல்லா இல்லம்மா," என்றார். "இவளும் பொய் சொன்னா. நானும் ரெண்டு வாட்டி பொய் சொன்னேன்."

அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. அரிசி டிரம்மைச் சொன்னார், மார்கழிப் புழுக்கத்தைச் சொன்னார், வழியில் இறக்கி வைத்த குடத்தைச் சொன்னார், வாசல் படியைச் சொன்னார், மகளிடம் ஒரு வரிக்கு மேல் பேச முடியாததைச் சொன்னார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் முன்னும் பின்னுமாக வந்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஸ்டெதாஸ்கோப்பைப் பூஷணத்தின் முதுகில் வைத்தார், நெஞ்சில் வைத்தார், ஒரே இடத்தில் வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு காலைக் காட்டச் சொன்னார். பூஷணம் தேசிங்குவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. இது தேசிங்குவுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பஸ்ஸில் வந்துகொண்டு, இது தெரியாது. டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி அப்படியே இருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். தேசிங்கு பூஷணத்தின் பக்கம் திரும்பினார். பூஷணம் புடவையை இறக்கவில்லை, இன்னொரு கையால் ஸ்டூலில் இருந்த அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளாம்மா," என்றாள்.